சவுவாரோ கொனெத்ரோ? ஒரே கருத்து மாதிரித் தெரியிற பிரெஞ்சுச் சொல்லுகள்

கேள்வி (கொடிகாமத்தில இருந்து ஒரு தங்கச்சி), தை 18, 2026

பிரெஞ்சு படிக்கிறன், ஏ2 (ரெண்டாம் படி) சோதினை வருது. சவுவார், கொனெத்ர் ரெண்டுக்கும் புத்தகத்தில "நோ" எண்டுதான் இங்கிலிசில போட்டிருக்கு. ஆன், அனே ரெண்டும் "இயர்". அமனே, அப்போர்த்தே ரெண்டும் "பிரிங்". ஒரே கருத்துக்கு ஏன் ரெண்டு ரெண்டு சொல்லு? பாடமாக்கிறதைத் தவிர வேற வழி இருக்கோ?

தை 18, இரவு

இருக்கு தங்கச்சி. முதல்ல அந்த இங்கிலிசை எடுத்து ஒரு பக்கம் வையுங்கோ. உங்களுக்கு வாற குழப்பத்தில பாதி பிரெஞ்சால வாறேல்ல, நடுவில நிக்கிற இங்கிலிசால வருது. நான் கனகாலம் பாரிசில ரெஸ்ரோறன்ற் குசினியில நிண்ட ஆள், இப்ப கொக்குவிலில வீட்டில வைச்சுப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறன், கலியாணம் முடிச்சு மனிசனிட்டப் போகக் காத்திருக்கிற பிள்ளையள்தான் கூட. எல்லாரும் இதே கேள்வியோடதான் வருகினம்.

நீங்கள் கேட்ட மூண்டாவதைப் பாருங்கோ. எங்கட வாயில ஏற்கெனவே நாலு சொல்லு இருக்கு: கூட்டிக்கொண்டு வாறது, கூட்டிக்கொண்டு போறது, கொண்டு வாறது, கொண்டு போறது. ஆளைக் கொண்டு வா எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம், பாணைக் கூட்டிக்கொண்டு வா எண்டும் சொல்லமாட்டினம். பிரெஞ்சும் அப்பிடியே நாலா வெட்டி வைச்சிருக்கு. அமனே கூட்டிக்கொண்டு வாறது, ஆன்மனே கூட்டிக்கொண்டு போறது, அப்போர்த்தே கொண்டு வாறது, ஆம்போர்த்தே கொண்டு போறது. மனே எண்டா நடத்திக்கொண்டு போறது, போர்த்தே எண்டா தூக்கிறது, காவுறது. முன்னால "அ" நிண்டா இந்தப் பக்கம், "ஆன்" "ஆம்" நிண்டா அந்தப் பக்கம். பாடமாக்க என்ன கிடக்கு?

பாரிசில எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் காசு வாங்கிறவ தலை நிமிர்த்தாமலே கேப்பா, "சுயுர் பிளாஸ், ஊ ஆ ஆம்போர்த்தே?" இருந்து சாப்பிடப் போறியளோ, கட்டிக்கொண்டு போறியளோ எண்டு. ஆம்போர்த்தே எண்ட சொல்லு எங்கட கனபேருக்கு வகுப்பில இல்லை, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால நிண்டுதான் பிடிபட்டது.

தை 19

காலமை ஒருத்தர் எழுதியிருந்தார், தமிழில இல்லாத வித்தியாசத்தை என்ன செய்யிறது, சவுவாருக்கும் கொனெத்ருக்கும் எங்களிட்டயும் "தெரியும்" எண்ட ஒண்டுதானே எண்டு. நியாயமான கேள்வி.

அதுக்குச் சொல்லின்ர கருத்தைத் தோண்டாதேங்கோ, சொல்லுக்குப் பக்கத்தில ஆர் இருக்கினம் எண்டு பாருங்கோ. கொனெத்ருக்குப் பிறகு பெயர்ச்சொல்லுதான் வரும்: ஆள், ஊர், பாட்டு, ரெஸ்ரோறன்ற். சவுவாருக்குப் பிறகு ஒரு முழு வசனம் வரலாம் (அவர் வாறார் எண்டு தெரியும், அவர் எங்க இருக்கிறார் எண்டு தெரியும்), இல்லாட்டி ஒரு வினை வரலாம் (நீந்தத் தெரியும், சமைக்கத் தெரியும்). கொனெத்ருக்குப் பிறகு "க" (எங்கட "எண்டு" மாதிரி) போட்டு வசனம் தொடங்கவே ஏலாது. அதால சோதினையில இடைவெளி நிரப்பச் சொன்னா இடைவெளியை விட்டிட்டு அதுக்கு அடுத்த சொல்லைப் பாருங்கோ. "க" இருக்கோ, "எங்க" எண்ட "ஊ" இருக்கோ, வினை இருக்கோ, எண்டா சவுவார். ஆளின்ர பேரோ ஊரின்ர பேரோ இருந்தா கொனெத்ர்.

பெயர்ச்சொல்லோட ரெண்டுமே வாற இடமும் இருக்கு, அங்கதான் கருத்தில வித்தியாசம் தெரியும். ஒரு கவிதையை கொனெத்ர் எண்டா அப்பிடி ஒரு கவிதை இருக்கு, வாசிச்சிருக்கிறன், பழக்கம். அதே கவிதையை சவுவார் எண்டா மனப்பாடம், இப்ப எழும்பி நிண்டு சொல்லுவன். தேவாரம் தெரியும் எண்டு நாங்கள் சொல்லுறதிலயும் இந்த ரெண்டு கருத்தும் இருக்குத்தானே, என்ன, எங்களுக்கு ஆள் சொல்லுற விதத்தில விளங்கும்.

தை 19, பின்னேரம்

நீந்தத் தெரியும் எண்டு எழுதின உடன இன்னொண்டு ஞாபகம் வந்தது. இங்கிலிசில "கான்" எண்ட ஒண்டை வைச்சே எல்லாத்தையும் சமாளிக்கினம். பிரெஞ்சில சவுவார் நஜே எண்டா நீந்தத் தெரியும், பழகியிருக்கிறன். புவுவார் நஜே எண்டா நீந்த ஏலும், இண்டைக்குக் கால் நோவில்லை, கடல் அமைதியா இருக்கு, ஆரும் மறிக்கேல்ல. எங்கட "தெரியும்", "ஏலும்" அப்பிடியே பொருந்துது. இங்கிலிசால போனா பிடிபடாது, தமிழால போனா ஒரு நிமிசம்.

தை 21

ஆன், அனே பற்றிக் கேட்டிருந்தீங்கள், விட்டிட்டன் எண்டு நினைக்காதேங்கோ.

இது ஒரு சோடி இல்லை, ஒரு குடும்பம். ஆன் அனே, ஜூர் ஜூர்னே, சுவார் சுவாறே, மத்தான் மத்தினே. கட்டையான சொல்லு எண்ணுறதுக்கு, நீட்டுச் சொல்லு அந்தக் காலத்துக்குள்ள இருந்து பாக்கிறதுக்கு. வயசு சொல்லேக்க எப்பவும் ஆன், ஏனெண்டா அது இலக்கம். மூண்டு வருசம் இருந்தனான் எண்டு சும்மா சொன்னா துருவா ஆன். அந்த மூண்டு வருசமும் நான் பட்ட பாடு எண்டு இழுத்துச் சொல்லேக்க துருவாஸ் அனே வரும். முதலாம் வருசம், ரெண்டாம் வருசம் எண்டு வரிசை சொல்லேக்கயும், நல்ல வருசம், கஷ்ரமான வருசம் எண்டு அடைமொழி சேரேக்கயும் பெரும்பாலும் அனே. அதுதான் புத்தாண்டு வாழ்த்து பொன் அனே. ஆனா புத்தாண்டு நாளுக்குப் பேர் நூவெல் ஆன், போன வருசம் எண்டதுக்கு ரெண்டும் புழங்குது. இதுகளை அப்பிடியே காதில ஏத்துங்கோ, விதி தேடி நேரத்தை வீணாக்காதேங்கோ.

இதில நாளாந்தம் வேண்டியது வாழ்த்துத்தான். கடைக்குள்ள போகேக்க பொன்ஜூர். வெளிக்கிடேக்க பொன் ஜூர்னே. போகேக்க பொன்ஜூர் எண்டு சொன்னா திரும்ப உள்ளுக்கு வாற ஆள் மாதிரி இருக்கும். பொன்சுவார் வரேக்கயும் சொல்லலாம், போகேக்கயும் சொல்லலாம், பொன் சுவாறே போகேக்க மட்டும். பொன் நுயி படுக்கப் போற ஆளுக்கு, பின்னேரம் ஆறு மணிக்கு மெத்ரோவில இறங்கிற ஆளுக்கு இல்லை.

இன்னொண்டையும் சொல்லவேணும். அங்க பேக்கரியில பொன்ஜூர் சொல்லாமல் "ஒரு பகெத்" எண்டு கேட்டா அதை மரியாதைக் குறைவா எடுப்பினம். எங்கட ஊரில கடைக்காரரைப் பாத்துச் சிரிச்சாலே காணும். அங்க சொல்லால சொல்லவேணும். இலக்கணம் எல்லாம் பிழைச்சாலும் பரவாயில்லை, அந்த ஒரு சொல்லு வாயில இருந்து முதல் வரவேணும்.

தை 22

சனம்!

நேற்று வகுப்பில ஒரு பிள்ளை "துருவா ஜான்" எண்டு எழுதியிருந்தா, மூண்டு ஆக்கள் எண்ட கருத்தில. ஜானை எண்ண ஏலாது. நாங்கள் மூண்டு சனம் எண்டு சொல்லுவமோ? மூண்டு பேர் எண்டுதானே சொல்லுவம். அந்தப் "பேர்"தான் பேர்சொன். துருவா பேர்சொன். "சனம் என்ன சொல்லும்" எண்டுறமே, அந்தச் சனம் ஜான். நாட்டு மக்கள், பிரெஞ்சு மக்கள் எண்டு மேடையில சொல்லுற "மக்கள்" பப்ள். நல்லூர்த் தேருக்குப் போட்டு வந்து "சரியான சனம்" எண்டுறமே, அதுக்கு மோந்த்: இல் யா து மோந்த். உலகம் எண்ட அதே சொல்லு. பேர், சனம், மக்கள் எண்டு நாங்கள் பிரிச்சு வைச்சிருக்கிறதும் அவே பிரிச்சு வைச்சிருக்கிறதும் இவ்வளவு கிட்டக் கிடக்கு எண்டதை எந்தப் பாடப்புத்தகமும் எங்களுக்குச் சொல்லாது, ஏனெண்டா அதுகள் எங்களுக்கெண்டு எழுதினதில்லை.

தை 25

ஜெர்மனியில இருந்து ஒரு அண்ணை எழுதியிருக்கிறார்: இதெல்லாம் புத்தகப் பிரெஞ்சு, பிரெஞ்சுக்காரரே அமனே, அப்போர்த்தேயைக் கலந்துதான் கதைக்கினம், பிள்ளையளை ஏன் வதைக்கிறீர் எண்டு.

உண்மை அண்ணை, கலக்கினம். குசினியில செவ், அதுதான் பெரிய சமையல்காரர், பாணைக் கேட்டு "அமென்" எண்டுதான் கத்துவார், "அப்போர்த்" எண்டு இல்லை. சாமானுக்கு ரமனே (திரும்பக் கூட்டிக்கொண்டு வாறது) எண்டு சொல்லாத பிரெஞ்சுப் பெடியனை நான் காணேல்ல. அதோட நான் முதல் நாள் எழுதின வா, போ கணக்கையும் இறுக்கிப் பிடிக்காதேங்கோ. காலமை பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தில கொண்டுபோய் விடுறதுக்கு அமனே எண்டுதான் கனபேர் சொல்லுகினம், எங்கட கணக்கில அது "போ"தானே. அங்க அமனே எண்டா ஒரு இடம்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது, ஆன்மனே எண்டா இருந்த இடத்தில இருந்து தன்னோட கூட்டிக்கொண்டு வெளிக்கிடுறது. சேருற இடத்தில கண் இருக்கோ, விடுற இடத்தில கண் இருக்கோ எண்டதுதான் விசயம்.

ஆனா சோதினைத் தாளைத் திருத்திறது செவ் இல்லையே. 2024 ஜனவரியில வந்த சட்டத்தால 2026 தொடக்கம் பிரான்சில பத்து வருச வதிவிடக் காட்டுக்கு ஏ2க்கு அடுத்த படியான பி1 கேக்கினம், குடியுரிமைக்கு அதுக்கும் மேல பி2. முந்தி வந்த ஆக்களுக்கு இல்லாத பாரம் இப்ப போற பிள்ளையளின்ர தலையில. அதால புத்தகத்தில இருக்கிறதை வடிவாப் படிச்சுப்போட்டுப் போய்த் தெருவில கலக்கட்டும். கலக்கிறதுக்கு ஆரும் வகுப்பு வைக்கத் தேவையில்லை.

தை 27

வீடு தேடுற ஆக்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. பியெஸ், ஷாம்ப்ர், சால், மூண்டுக்கும் அகராதி "அறை" எண்டு போடும். ஷாம்ப்ர் படுக்கிற அறை. சால் ஒரு வேலைக்கெண்டு வைச்சது, சால் த பான் குளிக்கிறது, சால் த கிளாஸ் வகுப்பறை. பியெஸ் எண்ணுறதுக்கு. விளம்பரத்தில "து பியெஸ்" எண்டு கிடந்தா ரெண்டு படுக்கையறை இல்லை, ஒரு படுக்கையறையும் ஒரு ஹோலும். குசினி, குளிக்கிற அறை கணக்கில இல்லை. என்னட்டப் படிச்ச பிள்ளை ஒண்டு மனிசன் "து பியெஸ்" எடுத்திட்டார் எண்டவுடன அம்மாவுக்கும் ஒரு அறை இருக்கு எண்டு சொல்லிச் சந்தோசப்பட்டவ. அந்த நேரம் விளங்கப்படுத்த எனக்கே கஷ்ரமாப் போச்சு.

தை 28

நூவோ, நெஃப், ரெண்டும் "புதுசு". கடையில இருந்து பெட்டி உடைக்காமல் வந்தது நெஃப். எனக்குப் புதுசு, ஊருக்குப் பழசு எண்டா நூவோ. பாவிச்ச கார் வாங்கினாலும் அது உங்கட நூவெல் வுவாத்தியுர்தான், ஆனா வுவாத்தியுர் நெவ் இல்லை. காணும்.

மாசி 1

இந்த இழையில எழுதத் தொடங்கின நாளில இருந்து எழுதவேணும் எண்டு நினைச்ச சோடி இதுதான்: ரான்த்ரே, ரத்தூர்னே, ரவனீர். மூண்டும் "திரும்புறது".

ரவனீர் எண்டா கதைக்கிற ஆள் நிக்கிற இடத்துக்குத் திரும்பி வாறது. ரத்தூர்னே எண்டா முந்தி இருந்த ஒரு இடத்துக்கு இன்னொருக்காப் போறது. ரான்த்ரே எண்டா தன்ர இடத்துக்கு, வீட்டுக்கு. வேலை முடிஞ்சு "ஜ ரான்த்ர்" எண்டாலே காணும், எங்கை எண்டு ஆரும் கேக்கமாட்டினம், வீட்டைதான்.

பாரிசில எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பலில ஆடி மாசம் ரிக்கற் போடப் போனா ஆளுக்காள் கேக்கிறது இதுதான், ஊருக்கு எப்ப எண்டு. அதைப் பிரெஞ்சில சொல்லவேண்டி வந்தா ரத்தூர்னே ஓ பேய் (ஓ பேய் எண்டா ஊருக்கு) எண்டும் சொல்லலாம், ரான்த்ரே ஓ பேய் எண்டும் சொல்லலாம், ரெண்டும் சரி. முதலாவது, போய்ப் பாத்திட்டு வாற இடம் எண்ட மாதிரியும் இருக்கும். ரெண்டாவதைச் சொன்னா வீடு அங்கதான் எண்டு சொன்னமாதிரி. குசினியில என்னோட நிண்ட ஒரு வயசான அண்ணை, எங்கட ஆள்தான், லீவுக்குப் போகேக்க எப்பவும் "ஜ ரான்த்ர்" எண்டுதான் சொல்லுவார். செவ்வுக்கு அது வீட்டை போறான் எண்டுதான் விளங்கும், "அ தமான்" எண்டு, நாளைக்குச் சந்திப்பம் எண்டு சொல்லுவார். அண்ணை கையைத் துடைச்சுக்கொண்டு திரும்பவும் சொல்லுவார், "நோன், ஷே முவா", இல்லை, என்ர வீட்டை எண்டு. அவருக்கு அந்த நேரம் அங்க காட் இருந்தது, பிள்ளையள் அங்க பள்ளிக்கூடம் போனதுகள், வாடகை வீடும் இருந்தது. ஆனாலும் அந்த வினையை அவர் மாத்தேல்ல. சொல்லு தெரியாமல் சொன்னவர் இல்லை, ரத்தூர்னேயும் அவருக்கு வடிவாத் தெரியும்.

இந்த மூண்டையும் பாடமாக்கச் சொல்லிப் பட்டியல் போடுற புத்தகங்களில எனக்கு விருப்பம் இல்லாதது இதாலதான். ஒரு சொல்லை விட்டு மற்றச் சொல்லை எடுக்கேக்க ஒரு மனிசன் தன்னைப் பற்றி ஒண்டைச் சொல்லுறான்.

மாசி 2

மேல எழுதினதுக்கு கனக்கப் பேர் தனியா எழுதியிருக்கிறீங்கள், நன்றி. ஒருத்தர் கேட்டார், நீங்கள் இப்ப கொக்குவிலில இருக்கிறீங்கள், நீங்கள் ரான்த்ரேயோ ரத்தூர்னேயோ எண்டு. ரான்த்ரே.

அங்க இருக்கிற சிநேகிதர் போன் எடுத்தா "தியு ரவியான் கான்?" எண்டு கேப்பினம், எப்ப திரும்பி வாறாய் எண்டு. அவே நிக்கிற இடம் அங்க, அதால ரவனீர், சரிதான்.

மாசி 4

போன் எண்ட உடன ஞாபகம் வந்தது இசி, லா, லா-பா. இசி எண்டா இஞ்சை, லா-பா எண்டா அங்கை, லா நடுவில.

இதில யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு ஒரு பலம் இருக்கு. எங்களிட்ட இது, உது, அது மூண்டும் இன்னும் உயிரோட இருக்கு, இஞ்சை, உங்கை, அங்கை. தமிழ்நாட்டுப் பேச்சில நடுவில இருக்கிற "உ" இப்ப இல்லை. பிரெஞ்சிலயும் இடத்துக்கு மூண்டு சொல்லு. ஆனா அச்சாப் பொருத்தக்கூடாது. எங்கட "உங்கை" கேக்கிற ஆளோட ஒட்டினது, உங்கை குளிரோ எண்டா நீ இருக்கிற இடத்தில. லா அப்பிடி இல்லை, அது இசிக்கும் லா-பாவுக்கும் நடுவில நிண்டுகொண்டு பேச்சில இசியின்ர வேலையையும் பிடிச்சிட்டுது. "ஜ சுயி லா" எண்டா நான் இஞ்சை நிக்கிறன், வந்திட்டன். "இல் ஏ லா?" எண்டா ஆள் நிக்கிறாரோ. கொக்குவிலில இருந்து நான் பாரிசுக்குக் குளிரோ எண்டு கேட்டா லா-பாதான் வரும், லா வராது.

தியு, வூ பற்றியும் கேட்டிருந்தீங்கள். எங்கட நீ, நீர், நீங்கள் மூண்டு படி, அங்க ரெண்டு. நடுப்படி இல்லாததாலதான் எங்கட ஆக்கள் தடுமாறுகினம். எனக்கு ஒரு வழி இருக்கு: நீர் எண்டு சொல்லத் தோன்றுற ஆளுக்கு வூவில தொடங்குங்கோ, அவர் தியு போடச் சொன்னா மாத்துங்கோ.

மாசி 8

ஒரு ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் எழுதினது எனக்குப் பெரிய சந்தோசம். நிகண்டு படிச்ச தலைமுறைக்கு இது புதுசில்லை எண்டு சொல்லுறார். அதைக் கொஞ்சம் விரிச்சுப் பாக்கிறன்.

மண்டலபுருடர் செய்த சூடாமணி நிகண்டு எங்கட திண்ணைப் பள்ளிக்கூடங்களில பாட்டாப் பாடமாக்கினது. ஆறுமுக நாவலர் 1849இல சென்னையில அதின்ர உரையை அச்சிட்டவர். நிகண்டு செய்யிற முக்கியமான வேலை ஒரு பொருளுக்கு உள்ள பேர்களை எல்லாம் ஒரு இடத்தில சேர்க்கிறது, பாட்டுக் கட்டுற ஆளுக்கு எதுகைக்கும் மோனைக்கும் சொல்லுக் கிடைக்கவேணும். பிரெஞ்சில நடந்தது மறுபக்கம். ஜிரார் எண்ட பாதிரியார் 1718இல ஒரு புத்தகம் போட்டார், ஒரே கருத்து எண்டு நினைக்கிற சொல்லுகளை எடுத்து ஒவ்வொண்டாப் பிரிச்சு, முழுக்க ஒரே கருத்தான ரெண்டு சொல்லு இல்லை எண்டு காட்டுறதுதான் அவற்ர நோக்கம். 1736இல அதைப் பெருப்பிச்சுத் திரும்பவும் போட்டார், பிறகு 1744இல பிரெஞ்சு மொழிக்கெண்டு இருக்கிற அக்காதெமிக்குள்ளயும் எடுத்தவை. நாங்கள் சேர்த்தம், அவே பிரிச்சினம்.

அதுக்காக எங்களுக்குப் பிரிக்கத் தெரியாது எண்டில்லை. ஒடியலையும் புழுக்கொடியலையும் மாறிக் குடுத்துப்பாருங்கோ எங்கட வீட்டில. ரெண்டும் பனங்கிழங்குதான், ரெண்டும் காய்ஞ்சதுதான், அவிச்சுக் காயவைச்சதோ பச்சையாக் காயவைச்சதோ எண்டதுதான் வித்தியாசம், ஆனா கூழுக்கு ஒண்டு, சும்மா இருந்து சப்பிறதுக்கு மற்றது. அந்த வித்தியாசத்தை ஒருத்தரும் அகராதி பாத்துப் படிக்கேல்ல.

மாசி 9

ஓடுற ஆத்துக்கு ஃப்ளெவ், ரிவியேர் எண்டு ரெண்டு சொல்லு ஏன் எண்டு கேட்ட தம்பிக்கு. கடலில விழுந்தா ஃப்ளெவ், இன்னொரு ஆத்தில விழுந்தா ரிவியேர். சேன், லுவார், ரோன் ஃப்ளெவ். மார்ன் போய் சேனில விழுது, ரிவியேர். அளவு கணக்கில்லை: நோர்மண்டியில வேல் எண்ட ஆறு ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடத்தான், ஆனா கடலில நேர விழுறதால ஃப்ளெவ். மகாவலி சந்தேகமில்லாமல் ஃப்ளெவ். எங்கட வழுக்கையாறு மாரிக்கு மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில போய்ச் சேருது, அதையும் ஃப்ளெவ் எண்டு சொல்லலாம் எண்டுதான் நான் நிக்கிறன், வகுப்பில எல்லாரும் எதிர்ப்பு. ஒரு விசயம், சாதாரணப் பேச்சில பிரெஞ்சுக்காரர் சின்ன ஆறு எல்லாத்தையும் ரிவியேர் எண்டுதான் சொல்லுவினம், புவியியல் பாடத்தில மட்டும் இறுக்கம்.

மாசி 11

கொடிகாமத்துத் தங்கச்சி திரும்ப எழுதியிருக்கிறா, சோதினை அடுத்த கிழமை, எழுத்துப் பகுதியில சிநேகிதிக்குக் கடிதம் வந்தா என்ன கவனிக்கிறது எண்டு.

அந்தக் கடிதத்தில எங்கட பிள்ளையள் எழுதுற முதல் வசனம் "மாமியைப் பாக்கப் போனன்" எண்டதுதான், அதுக்கு விசித்தே போடாதேங்கோ. விசித்தே இடத்துக்கு, மியூசியம், கோட்டை, ஊர். ஆளைப் பாக்கப் போறதுக்கு ரான்த்ர் விசித் (இது திரும்புற ரான்த்ரே இல்லை, வேற சொல்லு), இல்லாட்டி அலே வுவார். "மாமியை விசித்தே" எண்டு எழுதினா மாமியைச் சுத்திப் பாத்தமாதிரி இருக்கும்.

எமே கவனம். ஆளை நோக்கி வெறும் எமே எண்டா காதல். பக்கத்தில பியான் போட்டா பலம் குறையும், பிடிக்கும் எண்ட அளவுக்கு வரும். மற்ற இடங்களில பியான் போட்டா கூடுமெண்டு படிச்சிருப்பீங்கள், இந்த வினையோட மட்டும் தலைகீழ். வகுப்பில இருக்கிற பெடியனைப் பற்றி எழுதிறதெண்டா எமே பியான் எண்டு எழுதுங்கோ, திருத்திறவருக்குப் பிழையான சேதி போகாது. சாப்பாட்டுக்கு, பாட்டுக்கு ரெண்டும் எழுதலாம், பயப்பிடாதேங்கோ.

பார்லே, தீர், ரக்கோந்தே மூண்டுக்கும் எங்கட கதைக்கிறது, சொல்லுறது, நடந்ததை விரிச்சுச் சொல்லுறது எண்டு வையுங்கோ. தீருக்குப் பிறகு சொன்ன விசயம் வரவேணும். பார்லேக்குப் பிறகு "என்ன சொன்னா" எண்டது வராது, ஆரோட, எதைப் பற்றி எண்டுதான் வரும்.

கடைசியாக் கடிதத்தை முடிக்கேக்க அ பியாந்தோ (கெதியில சந்திப்பம்) எண்டு எழுதுங்கோ, அதியு எழுதவேண்டாம், அது இனிக் காணமாட்டம் எண்ட மாதிரி. முடிஞ்ச பிறகு என்ன வந்தது எண்டு இஞ்சை வந்து எழுதுங்கோ, கேள்வி ஞாபகம் இருந்தா அதையும்.